கார்புரேட்டரை விடுங்கள், கிராங்க் சீலைப் பாருங்கள்

டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீல் (பிஸ்டன் சுற்றவைக்கிற கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கிற ரப்பர் வளையம்) போனால் முதலில் திட்டு வாங்குவது கார்புரேட்டர்தான். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் வண்டி கத்திக்கொண்டே நிற்கும். உடனே ஏர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், சரிவராது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், ஜெட்டை மாற்றுவார்கள், அதுவும் போதாமல் ஸ்லைடு தேய்ந்துவிட்டது என்று புதுக் கார்புரேட்டரையே வாங்கி மாட்டுவார்கள். கொஞ்சம் சரியானது போலத் தெரியும். ஒரு நல்ல வெயிலில் அரை மணி நேரம் ஓட்டினால் அதே கதை. உள்ளே, ஒருவர் கண்ணுக்கும் படாத இடத்தில், இருபது முப்பது வருடப் பழைய ரப்பர் வளையம் ஒன்று கட்டையாகிப் போய்க் காற்றை விட்டுக்கொண்டிருக்கும்.

என்னிடம் இருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் சிங்கிள், அதாவது ஒரே சிலிண்டர் வண்டி. அதன் இரண்டு கிராங்க் சீல்களையும் சமீபத்தில் மாற்றினேன். வேலை முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். சீல் மாற்றுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. அதை மாற்ற வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடிப்பதும், புது சீலைக் கெடுக்காமல் உட்கார வைப்பதும்தான் விஷயம்.

முதலில் இந்த சீல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சீல் போனால் ஆயில் ஒழுகும், தரை அழுக்காகும், பெரும்பாலும் அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே, அதாவது கிராங்க் சுற்றுகிற கூடே, ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக சிலிண்டருக்கு ஏறுகிறது. 6000 ஆர்.பி.எம்மில் இது ஒரு நொடிக்கு 100 முறை நடக்கிறது. இந்தப் பம்பின் இரண்டு பக்கமும் கிராங்க் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சுற்றுகிற ஷாஃப்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டிருப்பது சீலின் உதடு மட்டும்தான். அந்த உதட்டில் இடைவெளி விழுந்தால் அது இரண்டாவது கார்புரேட்டர் மாதிரி, ஆனால் பெட்ரோல் இல்லாமல் வெறும் காற்றை மட்டும் கலக்கிற கார்புரேட்டர். அதனால்தான் உண்மையான கார்புரேட்டரில் என்ன திருகினாலும் வண்டி ஒரு நிலையில் நிற்பதில்லை.

எந்தப் பக்க சீல் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து வண்டி நடந்துகொள்ளும் விதம் மாறும். பெரும்பாலான பழைய சிங்கிள்களில் கிராங்கின் ஒரு முனையில் மேக்னெட் (தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற காந்தச் சக்கரம்), இன்னொரு முனையில் கிளட்ச். மேக்னெட் பக்கம் காய்ந்த பக்கம், அங்கே ஆயில் கிடையாது. அந்த சீல் போனால் உள்ளே வருவது வெறும் காற்று. ஐடிலிங் ஏறி இறங்கும், சூடானதும் ரேஸ் தொங்கும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். ரிசர்வுக்குப் போகும் முன் பெட்ரோல் தீருகிற அந்தக் கடைசி நொடிகளில் வண்டி திடீரென்று ரேஸ் ஆகும் அல்லவா, அதே காரணம்தான், பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது. இதை அப்படியே விட்டு நீண்ட தூரம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. கலவை வறண்டால் சூடு கூடுகிறது, கூடவே கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் போகிற ஆயிலும் போதாமல் போகிறது.

கிளட்ச் பக்கம் வேறு மாதிரி. அங்கே கியர் ஆயில் இருக்கிறது. பிஸ்டன் மேலே போகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கெட்டியாக வரும், டூ டி ஆயில் (பெட்ரோலோடு கலக்கிற ஆயில்) புகை போல இலேசாக இருக்காது, வாசனையும் கரிந்த கியர் ஆயில் வாசனை. பிளக் எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருக்கும். தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். சில வண்டிகளில் அழுத்தம் எதிர்ப்பக்கம் தள்ளி, கியர் ஆயிலில் பெட்ரோல் வாசனை அடிக்கும். இந்த வாசனை வந்தால் இனி யோசிக்கவே வேண்டாம்.

ஏன் போகிறது என்றால், ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கிடந்து கெடுவதுதான் பழைய வண்டிகளில் அதிகம். நைட்ரைல் ரப்பர் வயதானால் இறுகும், உதடு வளையும் தன்மையை இழக்கும். மாதக்கணக்கில் கிக்கே அடிக்காமல் நிற்கிற வண்டியில் உதடு ஒரே இடத்தில் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு காய்ந்துவிடுகிறது, அந்த இடத்தில் ஈரத்தால் ஷாஃப்டிலும் மெல்லிய துரு ஏறுகிறது, ஒரு நாள் திடீரென்று கிக் அடித்ததும் அந்தத் துருவே உதட்டை அரத்தைப் போல ராவிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பருக்கு நல்லதில்லை.

சரி, சந்தேகம் வந்துவிட்டது, உறுதி செய்வது எப்படி? மேக்னெட் மூடியைக் கழற்றி, வண்டியை ஐடிலிங்கில் விட்டு, அந்தப் பக்கம் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சிப் பார்ப்பது பலரும் செய்வது. ரேஸ் மாறினால் சீல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். எனக்கு இது பிடிக்காது. பாயிண்ட் (பிளக் தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிற இடத்தில் தீப்பொறி இருக்கிறது, எரியக்கூடியதை அங்கே அடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. போதாததற்கு கிளட்ச் பக்கம் இதைச் செய்யவே முடியாது.

நம்பக்கூடிய வழி அழுத்தச் சோதனை. பெரிய கருவி வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவி ஒன்றின் ரப்பர் பந்தும் டயலும் போதும். அந்த டயல் 300 மி.மீ பாதரசம் வரை காட்டும், அது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. டூ ஸ்ட்ரோக் சோதனைக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு, 6 பி.எஸ்.ஐ அழுத்தம் 6 நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இதற்காகவே செய்தது போலப் பொருந்துகிறது. கார்புரேட்டரைக் கழற்றி மேனிஃபோல்டு வாயை ரப்பரால் அடைக்க வேண்டும், சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் ஒரு ரப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக்க வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு உள்ளே குழாயை ஒட்டி பிளக் ஓட்டையில் மாட்டினால் காற்று அடிக்க வழி தயார். பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க மறக்கக் கூடாது, அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒன்றாகும். இல்லாவிட்டால் சிலிண்டரை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

முள் இறங்குகிறதா? சோப்புத் தண்ணீரை எடுங்கள். சிலிண்டர் அடிப் பேக்கிங், ஹெட், மேனிஃபோல்டு, கிராங்க் கேஸ் இணைப்பு, எல்லா இடத்திலும் தடவுங்கள். இதில் எது ஒழுகினாலும் வண்டி காட்டுகிற குறி மேக்னெட் சீல் போனது போலவேதான் இருக்கும். அடிப் பேக்கிங் ஒழுகுவதற்கு சீலைக் கழற்றியவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் மேக்னெட் பக்கம் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் தெரிந்துவிடும். கிளட்ச் பக்கத்துக்கு ஒரு அழகான வழி இருக்கிறது. கியர் பாக்ஸின் பிரீதர் குழாயின் (உள்ளே இருக்கிற காற்று வெளியேறும் குழாயின்) நுனியை ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி வையுங்கள். இன்ஜினுக்குள் அடித்த காற்று அங்கே குமிழியாக வந்தால், கிளட்ச் சீலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும் (கிராங்க் கேஸும் கியர் பாக்ஸும் சேருகிற பேக்கிங் உள்ளுக்குள் விட்டிருந்தாலும் இதே குமிழி வரும், அது அரிது). ஒன்று மட்டும் கவனம், கம்ப்ரஸரை நேராக மாட்டிப் பத்து இருபது பி.எஸ்.ஐ ஏற்றாதீர்கள், நல்ல சீலையும் இடத்தைவிட்டுத் தள்ளிவிடும்.

வெற்றிடச் சோதனையும் செய்துவிட்டால் இன்னும் நல்லது. சீலின் ஸ்பிரிங் பக்கம் பொதுவாக கிராங்கைப் பார்த்து இருக்கும். அழுத்தம் கொடுக்கும்போது அந்த அழுத்தமே உதட்டை ஷாஃப்டோடு சேர்த்து அமுக்குகிறது, அதனால் பாதி செத்த சீல்கூட தாங்கிவிடும். உறிஞ்சும்போதுதான் உதடு தூக்கிக்கொள்ளும். அழுத்தத்தில் தேறி வெற்றிடத்தில் தோற்கிற சீல்கள் இதனால்தான் இருக்கின்றன, வண்டி ரேஸ் ஆவதும் இந்த உறிஞ்சும் நேரத்தில்தான். பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கை பம்ப் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

இனி சீல் வாங்குவது. வண்டிப் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட அளவைச் சொல்லித் தேடுவது நல்லது. பழைய சீலின் முகத்தில் 25 40 8 என்பது போல மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் ஷாஃப்டையும் கூட்டின் குழியையும் அளந்துகொள்ள வேண்டும், பழைய சீலை அளந்து பயனில்லை, அதன் உதடு விரிந்து போயிருக்கும். நைட்ரைல் சுமார் 100 டிகிரி வரை வசதியாக இருக்கும், வைட்டான் என்கிற இன்னொரு வகை ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், எத்தனாலுக்கும் அசராது. விலை கூடத்தான், ஆனால் இந்த இடத்தில் வைட்டானே போடுங்கள் என்பேன், இன்னொரு முறை மேக்னெட்டையும் கிளட்சையும் கழற்றுகிற வேலையை நினைத்தால் அது ஒரு விலையே இல்லை. பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் சீல் என்று பெருமையாக விற்பார்கள். வண்டி தயாரித்த காலத்துச் சீல் என்றால் அந்த ரப்பருக்கும் அதே வயதுதான், பெட்டிக்குள் இருந்தாலும் அது இறுகிக்கொண்டுதான் இருந்திருக்கும். விளக்குக் கண்ணாடிக்கும் டேங்க் பேட்ஜுக்கும் ஒரிஜினல் தேடலாம், ரப்பருக்கு வேண்டாம். சில சீல்களின் முகத்தில் அம்புக்குறி இருக்கும், உதட்டில் சாய்வான வரிகள் இருக்கும். அது ஷாஃப்ட் சுற்றுகிற திசைக்கானது, மாற்றிப் போட்டால் அந்த வரிகள் ஆயிலை உள்ளே விடாமல் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே அனுப்பிவைக்கும்.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் கிடந்தவை. இரண்டையும் மாற்றுங்கள்.

இன்ஜினை முழுதாகப் பிளக்க வேண்டுமா என்பது வண்டியைப் பொறுத்தது. பல சிங்கிள்களில் மேக்னெட்டையும் கிளட்சையும் கழற்றினால் சீல் கைக்கு வந்துவிடும். சிலவற்றில் சீலின் வெளிவிளிம்பில் ஒரு மேடு இருந்து கூட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அதைப் பிளக்காமல் எடுக்க முடியாது. சிலவற்றில் பேரிங்குக்கு உட்புறம் சீல் இருக்கும். மேனுவலின் படத்தைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். பல சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்குகள் தனி உலகம். 1969-ல் வந்த மூன்று சிலிண்டர் கவாசாகி எச்1 போன்றவற்றில் சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலும் சீல் உண்டு, அதை மாற்ற வேண்டுமானால் பிரஸ் செய்து சேர்த்த கிராங்கையே பிரித்து மறுபடி நேராக்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள திருகு புல்லர்தான் வேண்டும். நட்டு எந்த மரை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், சில வண்டிகளில் இடது மரை. இரண்டு கால் புல்லரை மேக்னெட் விளிம்பில் மாட்டி இழுப்பது, கிராங்க் முனையில் சுத்தியலால் தட்டுவது இரண்டும் வேண்டாம். பிரஸ் செய்து சேர்த்த கிராங்க் ஒரு நல்ல அடியில் கோணிவிடும், அதற்குப் பிறகு எந்த சீலும் நிற்காது. பாயிண்ட் தட்டை எடுக்கும் முன் அதற்கும் கூட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டால் தீப்பொறி டைமிங் வைக்கும்போது தலைவலி குறையும். கிளட்ச் பக்கம், கியர்களை நிறுத்த பல்லுக்கு நடுவில் திருப்புளியை விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. மடித்த செம்புத் தகடோ அலுமினியத் துண்டோ வையுங்கள், பல் பிழைக்கும்.

பழைய சீலை எடுக்க, அதன் இரும்பு முகத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூவை ஏற்றி, பிளையரால் மாற்றி மாற்றி இழுத்தால் வந்துவிடும். டிரில் பிட்டில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், இரும்புத் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். தகடு ஓட்டையானதும் நிறுத்திவிட வேண்டும், சில மில்லிமீட்டர் பின்னால் பேரிங் இருக்கிறது. திருப்புளியை ஷாஃப்ட் மேல் ஊன்றி நெம்பவே கூடாது. உதடு ஓடுகிற இடத்தில் விழும் ஒரு கீறல் போதும், புது சீலும் முதல் நாளே ஒழுகும்.

சீல் வெளியே வந்ததும் புதியதை உடனே எடுத்து அடிக்கத் தோன்றும். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, உண்மையான நோயாளி அதுதான். ஆடுகிற ஷாஃப்டைத் துரத்திக்கொண்டு சீலின் உதடு ஓட முடியாது, சீக்கிரமே விரிந்துவிடும். டயல் கேஜ் இருந்தால் முனையின் கோணலையும் பார்த்துவிடலாம், பல மேனுவல்கள் தரும் எல்லை 0.05 மி.மீ அளவில்தான் இருக்கும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் என் கருத்தில் சீல் மட்டும் மாற்றி வண்டியை மூடுவது காலத்தையும் பணத்தையும் வீணாக்குவது. பிளந்துவிடுங்கள்.

அப்புறம் உதடு ஓடிய தடம். இத்தனை வருடம் ஒரே இடத்தில் உரசியதில் ஷாஃப்டில் ஒரு வளையக் கோடு விழுந்திருக்கும், நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தால் தட்டுப்படும். ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்றால், ரப்பரில் சிக்கிய தூசி தேய்க்கும். இலேசான துரு என்றால் 600 எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து, ஷாஃப்டைச் சுற்றி மட்டும் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். பள்ளம் ஆழமாக இருந்தால், புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து உதடு புதுத் தடத்தில் ஓடும்படி செய்யலாம், ஆனால் பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவில் ஆயில் வருகிற சின்னத் துளை இருந்தால் அதை அடைத்துவிடக் கூடாது. அதைவிட நல்லது ஷாஃப்ட் மேல் மெல்லிய எஃகு உறையைப் போடுவது. கால் மில்லிமீட்டர் அளவே கனம் என்பதால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. கிளட்ச் பக்கம் பல வண்டிகளில் சீல் நேராக ஷாஃப்ட் மேல் ஓடாது, ஷாஃப்டில் மாட்டிய ஒரு தனிக் காலர் (இரும்பு வளையம்) மேல்தான் ஓடும். அது தேய்ந்திருந்தால் காலரையே மாற்றினால் முடிந்தது.

அந்தக் காலரைச் சொன்னதும் இதையும் சொல்லிவிட வேண்டும். காலருக்குள், ஷாஃப்டை ஒட்டி, ஒரு சின்ன ஓ ரிங் இருக்கலாம். சீல் காலருக்கு வெளியே அடைக்கிறது, உள்ளே ஷாஃப்டுக்கும் காலருக்கும் நடுவில் அடைப்பது இந்த ஓ ரிங். புது சீல் போட்டும் புகை நிற்கவில்லை என்று புலம்புகிற வண்டிகளில் நான் முதலில் கேட்பது இந்த ஓ ரிங்கைத்தான். பழையது பெரும்பாலும் தட்டையாகி ஷாஃப்டோடு ஒட்டிக்கிடக்கும், பார்த்தால் அழுக்குக் கோடு என்றே தோன்றும்.

புது சீலைப் போடும்போது குழியை நன்றாகத் துடைத்து, கூட்டை ஹீட் கன்னால் கொஞ்சம் சூடாக்கினால் பாதி வேலை தானாக நடக்கும். ஷாஃப்டின் மரை மேலும் சாவி வெட்டின் (சாவிக் கட்டை உட்காரும் பள்ளத்தின்) மேலும் மெல்லிய டேப்பைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவி, சீலை மெதுவாகச் சறுக்கி ஏற்ற வேண்டும். டேப் இல்லாமல் ஏற்றினால் அந்த வெட்டின் கூர் விளிம்பு உதட்டை நறுக்கிவிடும், நறுக்கியது வெளியே தெரியாது. உதட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிற பள்ளத்தையும் கிரீஸால் நிரப்பிவிடுங்கள், தட்டும்போது ஸ்பிரிங் துள்ளி உள்ளே விழாது. சீலின் வெளிவிட்டத்துக்குக் கொஞ்சம் சின்னதாக ஒரு பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட்டோ குழாயோ வைத்து, நான்கு பக்கமும் சமமாக இறங்கும்படி இலேசாகத் தட்ட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே மேல், சாய்ந்ததை அடித்து நிமிர்த்துகிற வேலை எடுபடாது.

எல்லாவற்றையும் மூடும் முன் அழுத்தச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். அப்புறம் பாயிண்ட் இடைவெளி (பழைய வண்டிகளில் பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ), டைமிங், கியர் ஆயில்.

நடுவில் ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிராங்க் சீல் ஒழுகினால் சீலைத் தொடும் முன் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். இன்னொன்று, இருக்க வேண்டிய இடத்தில் சீல் இல்லையே என்று நீங்களாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். டிரையம்ஃப் 650 ட்வின்களில் (இரண்டு சிலிண்டர் வண்டிகளில்) 1970 முதல் பிரைமரி செயின் (கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) பக்கம் கிராங்க் சீலை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள், இன்ஜின் மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான்.

டூ ஸ்ட்ரோக்குக்கு வருவோம். சீல் மாற்றியதும் வண்டி முதலில் முன்பைவிட மோசமாக ஓடினால் பயப்பட வேண்டாம். காற்று ஒழுகியபோது அதைச் சமாளிக்க யாரோ பெரிய ஜெட் போட்டிருப்பார்கள், கார்புரேட்டர் ஊசியை ஒரு படி தூக்கியிருப்பார்கள், ஏர் ஸ்க்ரூவை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். ஒழுகல் நின்றதும் அந்தக் கணக்கெல்லாம் தப்பாகி, பெட்ரோல் கூடிப்போய் வண்டி திணறும். மேனுவலில் சொன்ன ஜெட், ஊசிக்கு அதில் சொன்ன படி, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று, இங்கிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். என் வண்டியில் இதைச் செய்த பிறகுதான் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகினால் ஐடிலிங்கில் வித்தியாசம் கேட்கிறது. முன்பெல்லாம் அதைத் திருகுவதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான்.

கிளட்ச் பக்கம் போயிருந்த வண்டி என்றால் வெள்ளைப் புகையும் உடனே நிற்காது. சைலன்சருக்குள் தங்கிய கியர் ஆயில் எரிந்து தீர வேண்டும், நன்றாகச் சூடேறும்படி கொஞ்ச தூரம் ஓட்டினால் படிப்படியாகக் குறையும். புகையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் கியர் ஆயில் அளவை வைத்துச் சொல்லுங்கள். புது ஆயில் ஊற்றிய அன்று குச்சியிலோ லெவல் ஸ்க்ரூவிலோ பார்த்துக்கொண்டு, இருநூறு கிலோமீட்டர் கழித்து வண்டியை அதே இடத்தில் நேராக நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி பாருங்கள். அளவு இறங்காமல், ஆயிலில் பெட்ரோல் வாசனையும் இல்லாமல் இருந்தால் அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம்.